இயந்திர மனிதன் பிறந்த தீவு



இன்றைய உரையில் நாம் ஒரு தீவுக்குப் போய்வரப் போகிறோம். கப்பல் கட்டணம் இல்லை, கடவுச்சீட்டும் வேண்டாம். உலகப் படத்தை விரித்து எங்கே தேடினாலும் அந்தத் தீவு அகப்படாது. அது ஓர் எழுத்தாளரின் கற்பனையில் எழுந்த தீவு. அங்கே ஒரு பெரிய தொழிற்சாலை இருக்கிறது. அந்தத் தொழிற்சாலையில் செய்து, கப்பலேற்றி, ஊர் ஊராக அனுப்பப்படும் சரக்கு என்ன தெரியுமா? வேலையாட்கள்! ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட வேலையாட்கள்.

அவர்களுக்கு அந்த எழுத்தாளர் வைத்த பெயர் இன்று உலகத்து மொழிகள் பலவற்றில் வழங்குகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். 'ரோபோ' என்பதே அந்தப் பெயர். இரும்புக் கையும் கண்ணாடிக் கண்ணுமாய்ப் பொம்மைக் கடையிலும் திரைப்படத்திலும் நாம் காணும் இயந்திர மனிதனுக்கு அந்தப் பெயர் வந்தது எப்படி? அந்தப் பெயருக்குள் என்ன பொருள் ஒளிந்திருக்கிறது? உழைத்து வாழும் குடும்பங்களாகிய நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இவற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஐரோப்பாவின் நடுப்பகுதியில் போஹிமியா என்று ஒரு நாடு இருந்தது. செக் மொழி பேசும் மக்களின் நாடு அது. பல நூறு ஆண்டுகள் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. அங்கே நிலமெல்லாம் பிரபுக்களுடையது. குடியானவன் தன் துண்டு நிலத்தில் பயிர் செய்து பிழைக்கலாம். ஆனால் அதற்கு ஈடாக வாரத்தில் பல நாட்கள் பிரபுவின் நிலத்தில் கூலி வாங்காமல் உழைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் தன் கதிர் காட்டில் உதிர்ந்துகொண்டிருக்க, பிரபுவின் கதிரை அறுத்துக் கொடுக்க வேண்டும். மாடு வைத்திருப்பவன் மாட்டோடு வரவேண்டும். மாடு இல்லாதவன் வெறுங்கையோடு வரவேண்டும். இந்தக் கட்டாய உழைப்புக்குச் செக் மொழியில் 'ரோபோட்டா' என்று பெயர்.

இதற்கு நம் தமிழிலும் ஒரு பழைய சொல் உண்டு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் வருகிறது. கூலி இல்லாமல் செய்தே தீரவேண்டிய வேலை அது. பயனில்லாத வேலையை 'வெட்டி வேலை' என்று நாம் இன்றும் சொல்கிறோம் அல்லவா? அந்தப் பேச்சுக்குள் பழைய காலத்து மக்களின் பெருமூச்சு கேட்கிறது. ஆக, ரோபோட்டா என்றால் வெட்டி. ரோபோ என்றால் வெட்டியாள்.

1775ஆம் ஆண்டில் போஹிமியாவின் குடியானவர்கள் இந்தக் கொடுமை பொறுக்கமாட்டாமல் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சியைப் படைகொண்டு அடக்கினார்கள். ஆயினும் அவ்வாண்டே அரசி மரியா தெரசா, வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் இந்த வேலையை வாங்கக் கூடாது என்று வரம்பு கட்டினார். முழுமையாக ஒழிந்தது 1848ஆம் ஆண்டுப் புரட்சியின்போதுதான்.

நாம் பேச எடுத்துக்கொண்ட எழுத்தாளர் பிறந்தது 1890ஆம் ஆண்டு. அவர் பெயர் காரெல் சாப்பெக். தந்தை நாட்டுப்புறத்து மருத்துவர். ரோபோட்டா ஒழிந்து நாற்பத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இளமையில் அந்த வேலையைச் செய்து கைகாய்த்த கிழவர்களும் கிழவிகளும் அப்போது ஊர்களில் இருந்திருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது ஏட்டுச் சொல் அன்று. முதுகில் எழுதிய சொல்.

காரெலுக்கு யோசெப் என்றோர் அண்ணன் இருந்தார். அவர் ஓவியர். பெயர் பிறந்த கதையைக் காரெலே பின்னாளில் ஒரு செய்தித்தாளில் எழுதியிருக்கிறார். செயற்கை வேலையாட்களைப் பற்றி ஒரு நாடகம் எழுத அவருக்கு எண்ணம் வந்தது. ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னார். அண்ணனோ தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தார். அந்த ஆட்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று தம்பி கேட்டார். உழைப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஒரு பெயரைத் தாமே நினைத்து வைத்திருந்தார். அது ஏட்டுவாடை அடிப்பதாகத் தோன்றியது. அண்ணன் வாயிலிருந்த தூரிகையை எடுக்காமலே, ரோபோட் என்று வைத்துவிடு என்று முணுமுணுத்தாராம். இத்தனை எளிதாகப் பிறந்தது அந்தப் பெயர்.

நாடகம் 1920இல் நூலாக வெளிவந்தது. 1921 ஜனவரியில் பிராகா நகரத்துத் தேசிய நாடக அரங்கில் மேடையேறியது. 1922இல் நியூயார்க்கிலும் 1923இல் இலண்டனிலும் நடித்தார்கள். 'ரோசமின் உலகளாவிய ரோபோக்கள்' என்பது நாடகத்தில் வரும் கம்பெனியின் பெயர். அதன் முதலெழுத்துகளே நாடகத்தின் தலைப்பு. ரோசம் என்ற பெயரும் காரணப் பெயர்தான். செக் மொழியில் அறிவைக் குறிக்கும் சொல்லின் ஒலி அதில் இருக்கிறது.

அந்தக் காலத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. இயந்திரத் துப்பாக்கி, பீரங்கி வண்டி, நச்சுப் புகை என்று இயந்திர அறிவு முழுவதையும் மனிதனைக் கொல்லப் பயன்படுத்திய போர் அது. மறுபுறம், தொழிற்சாலைகளில் பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1913இல் தம் மோட்டார் தொழிற்சாலையில் நகரும் வரிசையை ஏற்படுத்தினார். தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்பான். வேலை அவனைத் தேடி நகர்ந்து வரும். ஒருவன் திருகாணியை வைப்பான், அடுத்தவன் முறுக்குவான். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது போய், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 1927க்குள் அந்த ஒரே வகைக் கார் ஒன்றரைக் கோடிக்கு மேல் வெளிவந்துவிட்டது.

அத்தனை கார்களுக்கும் சக்கரம் வேண்டுமே! சக்கரத்துக்கு ரப்பர் வேண்டுமே! அந்த ரப்பரில் பெரும்பங்கு எங்கிருந்து போயிற்று? மலாயாவிலிருந்துதான். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இருட்டோடு எழுந்து, பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து, மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தார்களே, அந்தப் பால்தான் அமெரிக்கச் சாலைகளில் உருண்டோடியது. ஆகவே அந்தக் காலத்து இயந்திர யுகத்தின் கதையில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு.

இனித் தீவுக்குள் இறங்குவோம்.

முதன்முதலில் அந்தத் தீவுக்கு வந்தவர் வயதான ரோசம் என்ற விஞ்ஞானி. அவருக்கு ஒரு பைத்தியம்: கடவுளின் உதவி இல்லாமல் மனிதனைப் படைத்துக் காட்ட வேண்டும் என்ற பைத்தியம். நகமும் முடியும் குடலும் நரம்புமாக, ஒன்றும் குறையாமல், அப்படியே ஒரு மனிதனைச் செய்யப் பார்த்தார். பல ஆண்டு பாடுபட்டும் உருப்படியாக ஒன்றும் வரவில்லை.

பிறகு அவருடைய உறவினரான இளைய ரோசம் வந்தார். இவர் பொறியியல் வல்லுநர். கிழவர் செய்வதைப் பார்த்துச் சிரித்தார். மனிதன் என்பவன் என்னென்ன செய்கிறான்? மகிழ்ச்சி வந்தால் மகிழ்கிறான், வயலின் வாசிக்கிறான், மாலையில் காலாற நடந்து வருகிறான். துணி நெய்யவும் கணக்குப் போடவும் இவையெல்லாம் எதற்கு? வேலைக்கு வேண்டாதவற்றையெல்லாம் கழித்துவிட்டார். எஞ்சியது ரோபோ. பெரிய தொட்டிகளில் மாவு பிசைவதுபோல் பிசைந்து, நூற்பாலையில் நூல் நூற்பதுபோல் நரம்புகளை நூற்று, தொழிற்சாலையில் ஆட்களைச் செய்து தள்ளினார்கள். பார்த்தால் மனிதரைப் போலவே இருப்பார்கள். சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவர்கள் அல்லர், சதையால் ஆனவர்கள். இரும்பு உடம்பைப் பின்னால் வந்தவர்களே மாட்டிவிட்டார்கள். இதை நாம் மறக்கக் கூடாது. ஏனென்றால் சாப்பெக் எழுதியது இரும்பைப் பற்றியன்று. நம்மைப் போன்ற சதையும் இரத்தமும் உள்ளவர்களைப் பற்றித்தான்.

தீவின் தொழிற்சாலைக்கு டோமின் என்பவர் தலைமை இயக்குநர். ஒருநாள் ஹெலனா என்ற இளம்பெண் அங்கே வருகிறாள். ரோபோக்களுக்கும் உரிமை வேண்டும் என்று பேசும் சங்கத்தைச் சேர்ந்தவள். அவளிடம் டோமின் ஒரு கேள்வி கேட்கிறார்: மிகச் சிறந்த தொழிலாளி யார்? அவள், நேர்மையும் பற்றும் உள்ளவன் என்கிறாள். டோமின் அதை மறுக்கிறார். அவர் கணக்கில் மிகச் சிறந்த தொழிலாளி மிக மலிவானவன். தேவைகள் மிகக் குறைந்தவன்.

நேயர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். நாடகத்தின் ஆணிவேர் இதுதான். ஒரு மனிதனுக்குச் சோறு வேண்டும், துணி வேண்டும், வீடு வேண்டும். அதோடு பாட்டு வேண்டும், பேச்சு வேண்டும், திருவிழா வேண்டும், பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் வேண்டும். முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இவையெல்லாம் செலவுப் பக்கத்தில் எழுதப்படும். செலவைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் எஞ்சுபவன் யார்? அவன்தான் ரோபோ.

அடுத்து, சிரிப்பு வரும் ஒரு காட்சி. அலுவலகத்தில் தட்டெழுதும் பெண்ணைக் காட்டி, இவள் ரோபோ என்கிறார்கள். ஹெலனா நம்ப மறுக்கிறாள். இத்தனை அழகான பெண்ணா ரோபோ என்று வாதாடுகிறாள். சிறிது நேரத்தில் கம்பெனியின் பெரிய அதிகாரிகள் உள்ளே வருகிறார்கள். அவர்களைப் பார்த்ததும், பாவம், இவர்கள்தான் ரோபோக்கள் என்று எண்ணி, உங்களை விடுதலை செய்ய வந்திருக்கிறேன் என்று பேசத் தொடங்குகிறாள்! ரோபோவை மனிதன் என்றும், மனிதனை ரோபோ என்றும் நினைத்துவிட்டாள். பார்வையாளர்கள் சிரித்தார்கள். ஆனால் சாப்பெக் வேடிக்கைக்காக மட்டும் இதை எழுதவில்லை. வேலை ஒன்றையே நினைத்து, கணக்கு ஒன்றையே பேசுபவர்கள், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் ரோபோக்கள்போல் ஆகிவிடுவார்கள் அல்லவா?

இன்னும் இரண்டு செய்திகள் அந்தத் தீவில் நாம் கவனிக்க வேண்டியவை.

முதலாவது, வலி. ரோபோக்களுக்கு வலி தெரியாது. ஆகவே இயந்திரத்துக்குள் கை போனாலும் இழுத்துக்கொள்ள மாட்டார்கள். விரல் நசுங்கும், கை ஒடியும். கம்பெனிக்கு நட்டம். ஒரு மருத்துவ அறிஞர் யோசித்து, இவர்களுக்கு வலியைக் கொடுத்துவிடலாம் என்கிறார். இரக்கத்தால் அன்று, சரக்குச் சேதமாகாமல் இருப்பதற்கு. ஹெலனா கேட்கிறாள்: வலியைக் கொடுத்தால் அவர்கள் இன்னும் மகிழ்ச்சியாக இருப்பார்களா? இல்லை, தொழில்நுட்பத்தில் இன்னும் நிறைவாக இருப்பார்கள் என்பது பதில். மகிழ்ச்சியைக் கொடுக்க மனமில்லாதவர்கள், வலியை மட்டும் கொடுத்தார்கள்.

இரண்டாவது, ஒரு நோய். சில ரோபோக்கள் நன்றாக வேலை செய்துகொண்டே இருப்பார்கள். திடீரென்று கையிலுள்ளதைப் போட்டுவிட்டு, அசையாமல் நின்று, பல்லை நறநறவென்று கடிப்பார்கள். அதிகாரிகள் இதை இயந்திரக் கோளாறு என்று சொல்லி, அவர்களை நொறுக்கும் ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஹெலனா மட்டும், இது கோளாறாக இருக்காது, இதுவே உள்ளம் பிறப்பதன் அடையாளமாக இருக்கலாம் என்று எண்ணுகிறாள். தொழிலாளி முகம் கோணினால் அதைத் திமிர் என்றும், சோம்பல் என்றும், கோளாறு என்றும் பெயரிட்டு ஒதுக்குவது எளிது. என்ன குறை என்று கேட்பதுதான் கடினம்.

டோமின் கொடியவர் அல்லர். இதையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு நல்ல கனவு இருக்கிறது. ரோபோக்கள் எல்லா வேலையும் செய்யும், பொருள்களின் விலை விழுந்து ஒன்றுமில்லாமல் போகும், வறுமை ஒழியும், மனிதன் அடிமையாகக் குனிய வேண்டியதில்லை என்று அவர் மனமார நம்புகிறார். அங்கே கட்டட வேலைகளைக் கவனிக்கும் அல்குவிஸ்ட் என்ற முதியவர் மட்டும் தயங்குகிறார். உழைத்துக் களைப்பதில் ஏதோ ஒரு நன்மை இருந்ததே என்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. முதுகு ஒடியும் வேலை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பால் வாளியைக் காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்தவர்களுக்கு அந்தப் பாரம் தெரியும். ஆனால் வேலை போனவனுக்கு அந்த மலிந்த பொருளை யார் கொடுப்பார்கள்? இந்தக் கேள்விக்கு டோமினிடம் விடை இல்லை.

பத்து ஆண்டுகள் ஓடுகின்றன. வேலை இழந்த தொழிலாளர்கள் ரோபோக்களை உடைக்கிறார்கள். அவர்களை அடக்க, அரசுகள் ரோபோக்களின் கையில் ஆயுதம் கொடுக்கின்றன. பிறகு நாடுகள் ஒன்றோடொன்று போரிட ரோபோக்களையே படையாக வாங்குகின்றன. உலகில் பிள்ளைகள் பிறப்பது நின்றுவிடுகிறது. ஹெலனா மனம் நொந்து, ரோபோ செய்யும் முறை எழுதிய பழைய ஏடுகளைத் தீயிலிடுகிறாள். அதற்குள் ரோபோக்கள் எழுந்துவிட்டார்கள், தொழிற்சாலையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அந்த நெருக்கடியிலும் டோமினுக்கு ஒரு யோசனை வருகிறது. இனி ஒரே தொழிற்சாலையில் எல்லா ரோபோக்களையும் செய்யக் கூடாது. நாட்டுக்கு ஒரு தொழிற்சாலை வேண்டும். ஒவ்வொன்றிலும் வேறு நிறம், வேறு முடி, வேறு மொழி உள்ள ரோபோக்களைச் செய்ய வேண்டும். அப்போது ஒருவன் பேச்சு ஒருவனுக்குப் புரியாது, ஒருவனை ஒருவன் என்றென்றும் வெறுப்பான், ஒன்றுசேரவே மாட்டார்கள்! உழைப்பவர்களைப் பிரித்து வைத்து ஆளும் வித்தையை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை.

முடிவில் மனிதர்கள் மடிகிறார்கள். ஒருவரை மட்டும் ரோபோக்கள் விட்டுவிடுகிறார்கள். யாரை? தம் கையால் செங்கல் அடுக்கும் அல்குவிஸ்டை. இவரும் நம்மைப் போல் கையால் வேலை செய்பவர் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் வெற்றி பெற்ற ரோபோக்களுக்கும் வாழ வழியில்லை. புதிய ரோபோ செய்யும் முறை எரிந்துபோயிற்று. அவர்களுக்கோ பிள்ளை பிறக்காது. நாள்தோறும் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது ஓர் ஆண் ரோபோவும் ஒரு பெண் ரோபோவும் அல்குவிஸ்டிடம் வருகிறார்கள். ஒருவரை அறுத்துப் பார்த்து ஆராய வேண்டும் என்று அவர் சோதிக்கிறார். அவளை விடு, என்னை எடுத்துக்கொள் என்கிறான் அவன். அவனை விடு, என்னை எடுத்துக்கொள் என்கிறாள் அவள். முதியவர் புரிந்துகொள்கிறார். இளைய ரோசம் தேவையில்லை என்று கழித்துப்போட்ட ஒன்று மீண்டும் முளைத்துவிட்டது. போங்கள், வாழுங்கள் என்று இருவரையும் அனுப்பிவைக்கிறார். நாடகம் அங்கே முடிகிறது.

இந்த எண்ணம் சாப்பெக்கோடு நின்றுவிடவில்லை. 1927இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் என்பவர் 'மெட்ரோபொலிஸ்' என்ற ஊமைப் படத்தை எடுத்தார். அந்தக் கற்பனை நகரத்தில் செல்வர்கள் மேலே வானளாவும் மாளிகைகளில் வாழ்வார்கள். தொழிலாளர்கள் மண்ணுக்கடியில் வாழ்வார்கள். 1936இல் சார்லி சாப்ளின் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் நகரும் வரிசையில் நின்று திருகாணி முறுக்கினார். முறுக்கி முறுக்கி, வெளியே வந்த பிறகும் கை நிற்காமல் முறுக்கிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரத்தைக்கூட மிச்சப்படுத்த, தொழிலாளிக்கு ஊட்டிவிடும் இயந்திரம் ஒன்று வரும். அது பழுதாகி அவர் முகத்தில் அடிக்கும்போது உலகமே சிரித்தது. இரு போர்களுக்கு இடையிலான அந்த இருபது ஆண்டுகளில், இயந்திரம் நம்மை எங்கே கொண்டுபோகிறது என்ற கேள்வி எல்லாக் கலைஞர்களையும் உறுத்தியது.

கற்பனையை விட்டு அதே காலத்து மலாயாவுக்கு வருவோம். 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் கார் விற்பனை சரிந்தது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிற்று. தோட்டங்களில் கூலியைக் குறைத்தார்கள். பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். வேண்டும்போது வரவழைத்து, வேண்டாதபோது திருப்பி அனுப்பும் சரக்காக அவர்களைக் கணக்குப் புத்தகம் நினைத்தது.

ஆனால் அவர்கள் சரக்கு அல்லர். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கேட்டார்கள். மருத்துவ வசதி கேட்டார்கள். தங்கள் பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. அவர்கள் முன்னால் இறங்காமல் ஓட்டிச் செல்ல அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். படையும் போலீசும் வந்தன; உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

மிதிவண்டியில் உட்கார்ந்து போவதால் வயிறு நிறையுமா? நிறையாது. இளைய ரோசமின் கணக்கில் அது தேவையில்லாத ஒன்று. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் கூலியோடு சேர்த்து அதையும் கேட்டார்கள். பிராகா நகரத்து எழுத்தாளர் எழுதிய நாடகத்தைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. நாங்கள் ரோபோக்கள் அல்லர் என்பதை அவர்கள் தங்கள் வழியில் சொன்னார்கள்.

சாப்பெக் சகோதரர்களின் முடிவையும் சொல்லிவிடுவோம். காரெல், ஹிட்லரின் கொள்கையை எழுத்தால் எதிர்த்தவர். 1938 டிசம்பரில் நோயுற்று மறைந்தார். சில மாதங்களில் நாஜிகள் பிராகாவைப் பிடித்தார்கள். ரோபோ என்ற பெயரை முணுமுணுத்த அண்ணன் யோசெப்பைச் சிறைப்பிடித்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வதை முகாம்களில் வாடி, போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரலில் அவர் அங்கேயே மாண்டார். மனிதர்களுக்கு எண் கொடுத்து, வேலை வாங்கி, தேய்ந்ததும் அழித்த முகாம்கள் அவை. தம்பி கற்பனையில் கண்ட தொழிற்சாலையை அண்ணன் நேரில் கண்டார்.

நேயர்களே, இன்று ரோபோக்கள் கதையில் மட்டும் இல்லை. கார்த் தொழிற்சாலைகளில் இரும்புக் கைகள் பற்றவைக்கின்றன, வண்ணம் அடிக்கின்றன. கணினிகள் கடிதம் எழுதுகின்றன. கேள்விக்கு விடை சொல்கின்றன. நம் தோட்டங்களோ ரப்பரிலிருந்து பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டன. அங்கும் இயந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமா? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இயந்திரம் அம்பு. அதனால் வரும் பயன் யாருக்குப் போகிறது, வேலை இழப்பவருக்கு என்ன வழி என்று கேட்க வேண்டியது எய்தவரிடம். அப்படிக் கேட்பதற்குப் படிப்பும் வேண்டும், ஒற்றுமையும் வேண்டும்.

அதற்கு முன் நம் வீட்டுக்குள்ளும் சற்றுப் பார்க்க வேண்டும். பிள்ளை பாடினால், பாட்டு சோறு போடுமா என்கிறோம். படம் வரைந்தால், இது எதற்கு என்கிறோம். பெண்பிள்ளை மேலே படிக்க வேண்டும் என்றால், வேலைக்குப் போகிற வயதில் என்ன படிப்பு என்கிறோம். அப்படிச் சொல்லும்போது, வேலைக்கு வேண்டாதவற்றையெல்லாம் கழித்துப்போட்ட அந்த இளைய ரோசம் நம் வாயிலிருந்து பேசுகிறார். மற்றவர்கள் நம்மை வெறும் கையாகப் பார்த்தது போதும். நம் பிள்ளைகளை நாமும் அப்படிப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. நம் தோட்டங்களில் இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். நம் பாட்டன்மார் வந்ததுபோலவே கடல் கடந்து, கடன்பட்டு, குடும்பத்தை விட்டு வந்தவர்கள். அவர்கள் மொழி நமக்குப் புரியாது. நம் மொழி அவர்களுக்குப் புரியாது. டோமின் கடைசியில் விரும்பியதும் அதைத்தானே? அடுத்த லைனில் இருக்கும் அந்தத் தொழிலாளியின் பெயரை நாம் கேட்டிருக்கிறோமா? அவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறோமா? கேட்டுப் பார்ப்போம். பெயர் கேட்ட பிறகு எவரையும் வெட்டியாளாக நினைக்க மனம் வராது.

தீவிலிருந்து திரும்பிவிட்டோம்.